தூளி ஆட்டும் கை

கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கொழிஞ்சாம்பாறைக்குப் போகும் சாலையில், சோதனைச்சாவடியைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் மலையாளம் கூடிவிடும். பேச்சு மட்டும் மாறாது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்கு ஓரத்தில், வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை ஊராட்சிகளில், ஏராளமான குடும்பங்களுக்குத் தமிழே வீட்டுமொழி. கொச்சி அரசில் இருந்து, பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில் சேர்ந்த சித்தூர், 1956 நவம்பர் 1 அன்று கேரளத்தோடு போனது. மாநில எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிலக்கடலை, தென்னை, காய்கறித் தோட்டம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் இரண்டு பக்கத்துக்கும் பொது. வீட்டு விட்டத்தில் ஒரு பழைய சேலை தொங்கினால் அங்கே கைக்குழந்தை இருக்கிறது என்பதும் அப்படித்தான்.

அந்தச் சேலைதான் தூளி. தென்மாவட்டங்களில் தொட்டில் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் ஏணை. உலகத்தில் ஒவ்வொரு சமூகமும் பிள்ளையை எப்படி வளர்க்கிறது என்பதைப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். நமக்கு அதைச் சொல்ல இந்த ஐந்தரை மீட்டர் துணி ஒன்று போதும். வேலைக்குப் போகும் தாயின் பின்னாலேயே அது மலை ஏறியது, கடல் தாண்டியது, சட்டப் புத்தகம் வரைக்கும் போனது. போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வியை எழுப்பியது: தாய் வேலையில் இருக்கும்போது இதை யார் ஆட்டுவது?

சேலை தூளியாகும் விதம்

புதுச்சேலையில் தூளி கட்டமாட்டார்கள். கடையில் போட்ட கஞ்சி முழுக்கப் போயிருக்க வேண்டும், நூல் மெத்தென்று ஆகியிருக்க வேண்டும். அதற்கு வருசக்கணக்கில் உடுத்தித் துவைத்த சேலைதான் சரி. பொள்ளாச்சிப் பக்கத்து நெகமத்தில் நெய்யும் பருத்திச் சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பகுதிப் பாட்டிகள் உடுத்திய இப்படியான கைத்தறிப் பருத்திதான் தூளிக்கு ஏற்ற துணி. அதற்காக ரொம்பவும் நைந்துபோனதும் ஆகாது. வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பார்த்து, எங்காவது இழை விட்டிருந்தால் அந்தச் சேலையை அடுப்படிக் கரித்துணிக்கு ஒதுக்கிவிடுவார்கள். பாலியஸ்டர் சேலையை அனுபவப்பட்டவர்கள் தொடுவதில்லை. முடிச்சு வழுக்கும், குழந்தைக்கு முதுகு வேர்க்கும்.

கட்டுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. விட்டத்திலோ கூரைக் கொக்கியிலோ கயிற்றைப் போட்டு, சேலையை நீளத்தில் இரண்டாக மடித்து அதில் மாட்டி, இரண்டு முனைகளையும் சேர்த்து மேலேயே இறுக்கி முடிவார்கள். முடிச்சு ஒருபோதும் பிள்ளையின் முதுகுக்கு வரக் கூடாது. துணி இரட்டையாக விழுவதால் ஒரு மடிப்பு கிழிந்தாலும் இன்னொன்று தாங்கும். இரு பக்கத் துணியும் பிள்ளையின் முகத்தின் மேல் மூடிக்கொள்ளாமல் இருக்க, மேலே குறுக்கே ஒரு கட்டையைச் செருகி விரித்து வைப்பார்கள். தூளியின் அடிப்பகுதி தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் போகாது. கீழே சாக்கோ பழைய சமுக்காளமோ விரிந்திருக்கும். குழந்தை ஒன்றுக்குப் போனால் துணி வழியே இறங்கிவிடும், நிமிசத்தில் வேறு சேலை மாற்றிவிடலாம். பெயர் வைக்கும் நாளில் முதலில் அம்மிக் குழவியைக் கிடத்தி ஆட்டி எடுத்த பிறகே பிள்ளையைப் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பாரம் தாங்குமா என்ற சோதனையும் சடங்கும் ஒரே நேரத்தில் முடிந்துவிடும்.

இவ்வளவும் கட்டி முடித்த பிறகுதான் நிஜமான வேலை ஆரம்பிக்கிறது. தூளி தானாக ஆடாது. அதில் ஒரு கயிற்றைக் கட்டி, திண்ணையில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டே பாட்டி இழுத்துவிடுவாள். பாட்டி இல்லாத வீட்டில் ஏழெட்டு வயது அக்காதான் ஆட்ட வேண்டும். தம்பி தங்கைக்குத் தூளி ஆட்டுவதற்காகவே பள்ளிக்கூடத்தை விட்ட அக்காக்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரு தலைமுறை முழுக்க இருந்தார்கள். தூளியைப் பற்றிப் பாசத்தோடு பேசும்போது அந்தப் பெண்பிள்ளைகளையும் சேர்த்தே பேச வேண்டும். அந்தத் தூக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

ஆட்டினால் பிள்ளை ஏன் அடங்குகிறது என்பதை ஆய்வுக்கூடங்கள் வெகு தாமதமாகத்தான் தேடிப் பார்த்தன. கனடாவின் மான்ட்ரியலில் ஹன்சிக்கர், பார் என்ற இருவர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறு வார வயதில் 43 சதவீதம் குறைவாக அழுதன. ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் குமி குரோடா குழுவினர் 2013-ல், தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியதுமே அதன் இதயத்துடிப்பு தணிந்து, கைகால் உதறலும் அடங்குவதைக் காட்டினார்கள். எலிக்குஞ்சுகளிலும் அதையே பார்த்தார்கள். தாய் தூக்கிக்கொண்டு நகரும்போது அசையாமல் ஒடுங்குவது பாலூட்டிகளின் உடம்பிலேயே ஊறியது. ஒரே இடத்தில் இருந்துகொண்டு அந்த நடையைப் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் தூளி.

மலை ஏறியது

பாலக்காட்டிலிருந்து தெற்கே, ஆனைமலைக்கு அப்பால் இடுக்கி. ஜான் டேனியல் மன்றோ 1877-ல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அதற்குப் பின்னால் வந்த தேயிலைத் தோட்டங்களுக்கு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் ஏற்றினார்கள். அவர்களுடைய மூட்டையில் சட்டி பானையோடு பழஞ்சேலைகளும் மலை ஏறின.

அந்த மலையில் ஏற்கெனவே இருந்த முதுவர்களுக்குத் தூளி தேவைப்படவில்லை. முதுவப் பெண்கள் உடுத்திய சேலையிலேயே முதுகுப் பக்கம் மடிப்பு விட்டு, பிள்ளையை அதில் வைத்துக் காட்டிலும் மேட்டிலும் நடப்பார்கள். தேயிலை கிள்ளும் பெண்ணால் அது முடியாது. அவள் முதுகில் கொழுந்துக்கூடை. கம்பெனி கேட்டது கொழுந்தின் எடையை, முதுகு அந்த எடைக்கே சரியாகப் போயிற்று. சமவெளியில் என்றால் வீட்டில் பாட்டி இருந்தாள். இங்கே தோட்டத்து வரிசை வீடான லயத்தின் ஒற்றை அறையில் தூளி தொங்கினாலும், வேலை செய்யத் தெம்புள்ள எல்லோரும் காலையிலேயே மலைக்குப் போயாக வேண்டும்.

பிள்ளைப்புரை வந்தது இப்படித்தான். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை ஓரிடத்தில் விட்டுவிட்டுப் போவார்கள், ஓர் ஆயா பார்த்துக்கொள்வார். நீண்ட கொட்டகையில் வரிசையாகத் தூளிகள். பால் கொடுக்கும் தாய் இடைவேளையில் சரிவிறங்கி ஓடி வந்து கொடுத்துவிட்டு ஓடுவாள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இதைத் தோட்ட முதலாளியின் கடமை ஆக்கியது. ஐம்பதோ அதற்கு மேலோ பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும், பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் பொறுப்பில் அது நடக்க வேண்டும். பெண்கள் குறைவாக இருந்தாலும் அவர்களுடைய பிள்ளைகள் இருபது பேர் இருந்தால் போதும் என்று 1981-ல் திருத்தினார்கள். தூளி ஆட்டுவது வேலை என்றும், அதற்குக் கூலி உண்டு என்றும், அந்தக் கூலி முதலாளியின் கணக்கில் சேரும் என்றும் முதன்முதலில் எழுத்தில் ஒப்புக்கொண்ட சட்டங்களில் இதுவும் ஒன்று.

கடல் தாண்டியது

இதே சேலை இலங்கை மலையகத்துக்கும் போனது. அங்கே லயத்துக்குப் பக்கத்தில் பிள்ளைக்காம்பரா. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் ஆயாக்கொட்டகை. பால் வெட்ட விடியுமுன் போக வேண்டும் என்பதால் தூங்குகிற பிள்ளையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் இருட்டில் ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். இன்றைய மலேசியத் தமிழ் முதியோர் பலருக்கு வாழ்க்கையின் முதல் நினைவே ஆயாக்கொட்டகையும் அங்கு கொடுத்த பாலும்தான்.

மலாயாவில் தூளி இன்னொரு உருவத்தைச் சந்தித்தது. மலாய்க்காரர்கள் சாரோங் துணியில் பிள்ளையைப் போட்டு, மேலே இரும்புச் சுருள்வில்லில் தொங்கவிடுவார்கள். புவாயான் என்று பெயர். நம் தூளி பக்கவாட்டில் ஆடும், புவாயான் மேலும் கீழும் துள்ளும். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்த தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோரும் ஒருவரிடமிருந்து ஒருவர் இதை எடுத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டுக் கடைகளிலும் இப்போது இரும்புச் சட்டத்தோடு ஸ்பிரிங் தொட்டில் கிடைக்கிறது. விட்டமில்லாத கான்கிரீட் வீட்டுக்கு அது வசதி.

ஆட்டாதே என்ற காலம்

நம் பக்கம் தூளி இப்படிப் பரவிக்கொண்டிருந்த அதே காலத்தில் அமெரிக்காவில் தொட்டிலை வீட்டை விட்டே வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். 1894-ல் குழந்தை மருத்துவர் லூதர் எம்மெட் ஹோல்ட் எழுதிய பிள்ளை வளர்ப்பு நூல் பதிப்பு மேல் பதிப்பு கண்டது. பிள்ளையை ஆட்டித் தூங்க வைப்பது கெட்ட பழக்கம் என்பது அவர் கட்சி. 1928-ல் உளவியலாளர் ஜான் வாட்சன் ஒரு படி மேலே போனார். பிள்ளையைக் கட்டி அணைக்காதே, முத்தமிடாதே, காலையில் கை குலுக்கு போதும் என்றார். நியூசிலாந்தில் ட்ரூபி கிங் 1907-ல் தொடங்கிய பிளங்கெட் சங்கம் கடிகாரம் பார்த்துப் பாலூட்டச் சொன்னது. தனி அறை, தனிக் கட்டில், நேரம் தவறாத உணவு. பிள்ளை சீக்கிரம் தன் காலில் நிற்க வேண்டும் என்பது அந்தச் சமூகங்களின் ஆசை. ஆலைக்கும் அலுவலகத்துக்கும் தேவைப்பட்ட மனிதரை அவர்கள் கட்டிலிலிருந்தே தயார் செய்யப் பார்த்தார்கள்.

மற்ற சமூகங்கள் வேறு மாதிரி நினைத்தன. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் அக்கா மக்களிடம் மானுடவியலாளர் பாரி ஹியூலட் பல ஆண்டு தங்கிப் பார்த்தார். அங்கே தகப்பன்மார் நாளில் ஏறக்குறைய பாதி நேரம் கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருப்பார்கள், அல்லது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். தாய் வலையோடு வேட்டைக்குப் போவாள். 'ஆம்பளை தூளி ஆட்டுவதா' என்று கேட்கிற நம் ஊர்த் திண்ணைகளுக்கு இது தெரிய வேண்டும். ஜப்பானில் பச்சிளங் குழந்தையின் காலை நேராக நீட்டிக் கட்டும் வழக்கத்தால் இடுப்பெலும்பு விலகுவது அதிகமாக இருந்தது. 1970-களில், காலை நீட்டிக் கட்டாதீர்கள் என்று நாடு தழுவிப் பிரசாரம் செய்த பிறகு அது வெகுவாகக் குறைந்தது. தூளியிலிருந்து இறங்கிய பிள்ளையைக் கால் அகட்டி இடுப்பில் உட்கார வைக்கும் நம் வழக்கம் அந்த வகையில் எலும்புக்கு நல்லது.

ஆட்டாதே என்று சொன்ன நாடுகள் கடைசியில் திரும்பி வந்தன. 1960-களில் டோகோவில் பணியாற்றிய ஆன் மூர் என்ற அமெரிக்கத் தாதி, அங்குள்ள தாய்மார் பிள்ளையைத் துணியில் முதுகோடு கட்டிக்கொள்வதைப் பார்த்தார். ஊர் திரும்பித் தன் மகளுக்காக அதேபோல ஒன்று தைத்தார். 1969-ல் காப்புரிமை பெற்ற ஸ்னக்லி அதுதான். இன்று நம் நகரங்களின் மால்களில் நெஞ்சோடு மாட்டிக்கொள்ளும் பைகளுக்கெல்லாம் அது முன்னோடி. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் எட்கர் ரே, குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் நெஞ்சோடு துணியால் கட்டி வைத்தார். கங்காரு முறை என்று உலகம் முழுக்கப் பரவிய அதை, பிறந்த உடனே தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் சாவு 25 சதவீதம் குறைகிறது என்று 2021-ல் வெளியான உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. ஆய்வு நடந்த ஐந்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

கடைசியாக ஆட்டும் கையும் இயந்திரமானது. 2016-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹார்வி கார்ப் கொண்டுவந்த ஸ்னூ என்ற கட்டில், அழுகையைக் கேட்டுத் தானே ஆட்டத்தை ஏற்றி இறக்கும். விலை ஆயிரம் டாலருக்கு மேல். பகல் முழுக்க வேலை செய்த தாய் இரவில் தூங்க அது உதவுமென்றால் நல்லதுதான். ஆனால் பக்கத்தில் ஆளே இல்லாத வீட்டுக்கு அப்படி ஓர் இயந்திரம் தேவைப்படுகிறது என்பதையும் அது சேர்த்தே சொல்கிறது.

தூளியின் ஆபத்து

ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது வெறும் பாச விஷயமில்லை. தூளியில் ஏறி முறுக்கி விளையாடிய ஐந்து, எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் கழுத்து இறுகி இறந்த செய்திகள் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் மறுபடி மறுபடி வருகின்றன. வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்தில்தான் பெரும்பாலும் நடக்கிறது. பச்சிளங் குழந்தைக்கு வேறோர் ஆபத்து உண்டு. துணியின் குழிவில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சு தடைபடும். குழந்தையைச் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பத்திரம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

அதனால் இரவுத் தூக்கம் தரையிலோ கட்டிலிலோ இருக்கட்டும். பகலில் தூளியில் போட்டால் கண்பார்வையில் ஒருவர் இருக்கட்டும். பிள்ளை உட்காரப் பழகிவிட்டால் தூளியை அவிழ்த்துவிட வேண்டும். ஆட்டாத நேரத்தில் சேலையைச் சுருட்டி விட்டத்துக்கு மேலே ஏற்றிவிட வேண்டும். வெறுந்தொட்டிலை ஆட்டாதே என்று பாட்டிகள் அதட்டியது எந்தக் காரணத்துக்காக இருந்தாலும், சின்னப் பிள்ளைகளை அந்தத் துணியிலிருந்து விலக்கி வைத்தது.

கோயிலும் அரசும்

தூளி வீட்டோடு நிற்கவில்லை. பிள்ளை வரம் கேட்டு ஆலமரத்திலும் வேம்பிலும் சின்னஞ்சிறு தொட்டில்கள் கட்டுகிறார்கள். வேண்டுதல் பலித்தால் திருவண்ணாமலையில் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் சேலையைத் தொங்கவிட்டு, பிள்ளையை உள்ளே போட்டுப் பெற்றோர் தோளில் சுமந்து கோயிலைச் சுற்றி வருகிறார்கள். பிள்ளையின் பாரத்தைத் தகப்பன் பலர் பார்க்கத் தோளில் ஏற்றுக்கொள்ளும் அபூர்வமான சடங்கு அது.

வேண்டிப் பெற்ற பிள்ளைக்குக் கரும்புத் தொட்டில் கட்டிய அதே சமூகம், வேண்டாத பெண்குழந்தையைக் கொல்லவும் செய்தது. அதைத் தடுக்க 1992-ல் ஜெயலலிதா ஆட்சியில் சேலத்தில் தொடங்கியதுதான் தொட்டில் குழந்தைத் திட்டம். வளர்க்க முடியாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போகலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் வந்தது. கேரளத்தில் மாநிலக் குழந்தை நலக் குழு 2002-ல் திருவனந்தபுரத்தில் அம்மத்தொட்டிலை வைத்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. ஆக, வேலந்தாவளத்துக்கு இரண்டு பக்கமும் அரசாங்கமே தொட்டில் வைத்திருக்கிறது. உயிரைக் காப்பாற்ற அது வேண்டும்தான். ஆனால் தாய் கைவிட்ட பிறகு ஆட்ட வரும் அரசாங்கம், கைவிடாமல் வைத்திருக்கிற தாய்க்கு என்ன செய்கிறது?

வரப்போரத்து வேப்பமரம்

வரப்போரத்தில் வேப்பமரம் இருந்தால் அதன் கிளையில் ஒரு தூளி. அம்மா களை எடுத்தபடி நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பாள். நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையிலும் இதே காட்சிதான். 2005-ல் நிறைவேறிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் அட்டவணையில் இதற்கென்று ஒரு விதி எழுதினார்கள். வேலைத்தளத்துக்கு ஐந்தோ அதற்கு மேலோ ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒதுக்க வேண்டும், மண் வெட்டுகிறவருக்கு என்ன கூலியோ அதே கூலி அவருக்கும். மண் சுமப்பதும் தூளி ஆட்டுவதும் ஒரே விலை என்று சொன்ன விதி அது. அதைவிட நியாயமான விதி பிள்ளை வளர்ப்புக்கு இந்த நாட்டில் எழுதப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

மற்ற ஏற்பாடுகளில் எல்லாம் ஓர் ஓட்டை இருக்கிறது. 2017-ல் மகப்பேறுச் சட்டத்தைத் திருத்தி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கொண்டுவந்தார்கள். ஐம்பதோ அதற்கு மேலோ பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் எழுதினார்கள். கடலைக்காட்டில் கூலி வேலை செய்கிறவளுக்கு நிறுவனம் ஏது? 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய அங்கன்வாடி பொதுவாக மூன்று வயதுக்கு மேல்தான் பிள்ளையைப் பகலில் உட்கார வைத்துக்கொள்கிறது. அதற்குக் கீழே சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்கு வரும், ஆள் வராது. தூளியில் கிடக்கும் வயது முழுக்க இந்த இடைவெளியில் விழுந்துவிடுகிறது. 2022 முதல் ஒன்றிய அரசு நடத்தும் பால்னா திட்டம், அங்கன்வாடியோடு சேர்த்து ஆறு மாதக் குழந்தை முதல் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களுக்கு வழி செய்திருக்கிறது. பாதை சரியானது, ஊர்தோறும் வந்தால்தான் பலன். அதை நடத்தப்போகும் பெண்களின் கூலியும் முக்கியம். அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை அவர்கள் செய்தது சேவை என்ற கணக்கிலேயே ஓடியது.

தூளி நல்லதா, தனிக் கட்டில் நல்லதா என்ற வாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். முதுவப் பெண்ணின் முதுகு, அக்கா இனத் தகப்பனின் கை, பிள்ளைப்புரை ஆயாவின் மடி எல்லாம் ஒன்றைத்தான் காட்டுகின்றன: பிள்ளை எதில் கிடக்கிறது என்பதைவிட, அழுதால் எட்டிப் பார்க்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே அதன் வளர்ப்பைத் தீர்மானிக்கிறது. கூட்டுக்குடும்பம் அந்த ஆட்களைக் கூலியில்லாமல் கொடுத்தது, பெரும்பாலும் பாட்டியும் சிறுமியுமாக. சிறுமி இன்று பள்ளிக்கூடம் போகிறாள், அவள் அங்கேயே இருக்க வேண்டும். பாட்டியும் பல வீடுகளில் வேலைக்குப் போகிறாள். அந்த இடத்தைத் தகப்பனும் ஊராட்சியும் அரசும் சேர்ந்துதான் நிரப்ப வேண்டும். ஐந்து பிள்ளை கூடினால் ஒருவருக்குக் கூலி என்ற விதி, வேலைத் திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் தொடர வேண்டும். நூறு நாள் வேலையைத் தாண்டி, நிலக்கடலைக் காட்டுக்கும் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் அது வர வேண்டும். வேலந்தாவளத்தில் கோட்டுக்கு எந்தப் பக்கம் கிராமசபை கூடினாலும் தாய்மார் எழுந்து கேட்கலாம்: எங்கள் ஊரில் மூன்று வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள், அவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ள யார், அவருக்கு என்ன சம்பளம்?